ஐயாயிரத்தையும் ஒரே நாளில் செலவழிக்க வேண்டாம்

கேள்வி: தக்கலை அருகே வீட்டிலேயே மாலை நேர வகுப்பு தொடங்கியிருக்கிறேன். 3 முதல் 6 வயது வரை பத்துப் பிள்ளைகள், வாரம் மூன்று நாள். கைவேலைப் பொருட்களுக்கு 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ஒரு வருடத்துக்கானதை மொத்தமாக வாங்கிவிடலாமா? யூடியூப் பார்த்து எதையாவது செய்யவைத்தால் முக்கால்வாசி வேலை என் தலையில்தான் விழுகிறது. பெற்றோரோ பிள்ளை தினமும் ஏதாவது செய்து கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மொத்தமாக வாங்காதீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. அலமாரியில் நிற்கும் சார்ட் பேப்பர் ஜூலையிலேயே தொய்ந்து சுருளும். பொடி வண்ணம் கட்டி தட்டும். திறந்த பசை டப்பாவின் வாயில் தோல் படியும். மூன்று மாதத்துக்குப் போதுமானதை வாங்குங்கள். அதற்கு 2,000 ரூபாய் தாராளம். மீதியைத் தொடாமல் வையுங்கள். பிள்ளைகள் எதை அதிகம் தீர்க்கிறார்கள் என்று தெரிந்தபிறகு அதை மட்டும் வாங்கலாம்.

முக்கால்வாசி வேலை உங்கள் தலையில் விழுவதற்குக் காரணம், மயில், மீன், பட்டாம்பூச்சி என்று முடிவில் என்ன வரவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிடுவது. பேப்பர் தட்டில் மயில் செய்ய வளைவாக வெட்டவேண்டும், விளிம்பு சேர மடிக்கவேண்டும். அது ஏழு வயதுக் கை செய்கிற வேலை. வட்டத்தைப் பார்த்து வரைய ஏறக்குறைய மூன்று வயதாகிறது. சதுரம் நான்கு, நான்கரையில் வரும். முக்கோணத்துக்கு ஐந்து வயதாவது ஆகவேண்டும். ஆகவே, இன்றைக்குக் கை என்ன செய்யப்போகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். கிறுக்குவது, கிழிப்பது, ஒட்டுவது, அச்சு வைப்பது, பிசைவது, கோப்பது. வெட்டுவது கடைசி. நீங்கள் வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியலும் இந்த ஆறேழு செயலுக்குள் அடங்கிவிடும்.

மூன்று வயதையும் ஆறு வயதையும் ஒரே பாயில் உட்காரவைப்பதற்கும் இதுதான் வழி. பொருள் ஒன்று, செயல் வேறு. எல்லார் வீட்டிலும் கிழித்துப்போடுகிற தினசரி காலண்டர் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லியது, சின்னக் கைக்கு ஏற்ற அளவு, காசும் கிடையாது. மூன்று வயதுக்காரர் அதைக் கிழித்தால் போதும். நடுவில் ஒரு பிளவு மட்டும் நீங்கள் தொடங்கிக் கொடுங்கள். ஒரு கை முன்னே, ஒரு கை பின்னே போகவேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். நான்கு, ஐந்து வயதுக்குத் தாளை ஒன்றரை சென்டிமீட்டர் அகலப் பட்டையாக நறுக்கிக் கொடுங்கள். கத்தரிக்கோலை ஒரு தடவை மூடினாலே துண்டு விழுந்துவிடும். அந்த வெற்றிதான் அடுத்த வெட்டுக்குத் தூண்டும். ஆறு வயதுக்கு ஒரு கோடு போட்டுக்கொடுத்து அதன் மேலேயே போகச் சொல்லலாம். வட்ட முனையுள்ள கத்தரிக்கோல் ஐந்து போதும். அதில் ஒன்று இடது கைக்காரருக்கானதாக இருக்கட்டும்.

ஒட்டும் வேலையில்தான் பலரும் சலித்துப்போவார்கள். ஃபெவிக்கால் பாட்டிலைக் கையில் கொடுத்தால் பிள்ளைக்குப் பிதுக்குவதே விளையாட்டு. தாள் குளமாகிவிடும், நம் மழைக்காலத்தில் மறுநாளும் காயாது. பாட்டில் உங்களிடமே இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் மூடியில் சிறிது ஊற்றி ஆளுக்கு ஒன்று வையுங்கள். தூரிகை வேண்டாம், விரல் போதும். ஒரு பொட்டு, அதன் மேல் தாள், அதன் மேல் விரல், பத்து எண்ணவேண்டும். கை துடைக்க ஈரத்துணி பக்கத்திலேயே இருக்கட்டும். விரலில் பசை ஒட்டினாலே அழுகிற பிள்ளை ஒன்று எந்தக் கூட்டத்திலும் இருக்கும்.

சிக்கனத்துக்கு மைதா பசை காய்ச்சலாம். அன்றன்றைக்கு மட்டும் காய்ச்சுங்கள். பூசணம் பிடிக்காமலிருக்க மயில்துத்தம் போடச் சொல்வார்கள், போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போடுவதுண்டு. ரப்பர் தோட்டக்காரர்கள் மருந்தடிக்கக் கலக்கும் அதே துரிசுதான். பிள்ளைகள் விரலை வாயில் வைக்கிற இடத்தில் அது கூடவே கூடாது.

அச்சு வைப்பதற்குக் கடைப் பொருள் எதுவும் தேவையில்லை. வாழைமட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பிறை வடிவம், உள்ளே அறை அறையாகக் கட்டம். காலையிலேயே வெட்டி, வடிகிற நீரைத் துடைத்து வைத்தால் மாலைக்குள் முகம் காய்ந்து அச்சு சுத்தமாக விழும். ஒரு தட்டில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து அதன் மேல் வண்ணத்தைப் பரப்புங்கள். மட்டையை நேராக வண்ணத்தில் முக்கினால் அறைகள் அடைத்துக்கொண்டு வெறும் அப்பல்தான் மிஞ்சும். பிள்ளைகள் அழுத்தி இழுப்பார்கள். வை, அமுக்கு, எடு என்று மூன்று சொல்லாகச் சொல்லிக்கொடுங்கள். முற்றிய வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டினால் ஐந்து மூலைப் பூ கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: வண்ணம் துணியிலிருந்து போய்விடும், வாழைக்கறை போகாது. யூனிஃபார்மோடு வருகிற பிள்ளைகளுக்குப் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

பிசைவதற்கு: ஒரு கப் மைதா, அரை கப் உப்பு, ஒரு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், அரை எலுமிச்சைச் சாறு. வாணலியில் சிறுதீயில் கிளறுங்கள். ஓரத்தை விட்டு உருண்டு வந்ததும் இறக்கி, சூடாறியபின் பிசைந்து, இறுக மூடும் டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். மழை நாளில் உப்பு ஈரத்தை இழுத்து மாவு பிசுபிசுக்கும். கொஞ்சம் மைதா தூவினால் சரியாகிவிடும். இதில் செய்த உருவத்தைக் காயவைத்துப் பாதுகாக்க நினைக்காதீர்கள், நம் காற்றில் அது நடக்காது. கோதுமை ஒவ்வாத பிள்ளை உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கடைக்குப் போவோம். ஏ4 தாள் ஒரு கட்டு: பத்துப் பிள்ளைகள், வாரம் மூன்று நாள், பதின்மூன்று வாரம் என்றால் 390 தாள், கட்டில் 500 இருக்கும். வண்ணம் தீட்ட மட்டும் கனமான டிராயிங் ஷீட், 120 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல். தாளைத் தரையோடு வைக்காமல் பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் படுக்கையாக வையுங்கள். தடித்த மெழுகு கிரேயான் நான்கு பெட்டி. பிள்ளைக்கு ஒன்று என்று பங்கு பிரிக்கவேண்டாம், எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிவிடுங்கள். உடைந்தவற்றையும் வீசாதீர்கள், இரண்டு சென்டிமீட்டர் துண்டை முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாகக் கூடும். வண்ணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை மட்டும். கறுப்பு வாங்கினால் பத்து நிமிடத்தில் எல்லாம் சேறு. ஸ்கெட்ச் பேனா வேண்டாம்: மூடி தொலையும், பேனா காயும், அந்த மூடியே தொண்டைக்கு ஆபத்து. வீட்டுக்கு அடித்து மிஞ்சிய எனாமல் பெயிண்டையும் எடுக்கவேண்டாம். பழைய டின்னில் ஈயம் இருக்கலாம்.

கெட்டி அட்டைக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம் அச்சகங்களில் கேட்டுப் பாருங்கள். வெட்டி ஒதுக்கிய ஓரத்துண்டுகள் சும்மாவோ எடைக்கோ கிடைக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையை விட நல்ல அட்டை கடையில் இல்லை.

களிமண் செட் போன்றவற்றை விளையாட்டுப் பொருளாக வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருட்களுக்கு அது 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் மணிகளை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதும். மணி, பாசி, சிப்பி எதுவானாலும் ஒரு சோதனை செய்யலாம். 40 மி.மீ. பிவிசி குழாயில் ஆறு சென்டிமீட்டர் துண்டு அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முழுதாகப் போகிற பொருள் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. உங்கள் வகுப்பில் மூன்று வயதானவர்களும் இன்னும் வாயில் போடுகிறவர்களாக இருந்தால் அவர்களுக்கும் அதேதான். கோப்பதற்கு அவர்களுக்கு அந்தக் குழாய்க்குள் போகாத பெரிய பித்தானும் ஷூ கயிறும் கொடுங்கள்.

இயற்கைப் பொருட்கள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் எல்லாம் நல்லவை இல்லை. சிரட்டை, ஈர்க்கில், கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை), கழுவிக் காயவைத்த பெரிய சிப்பி தாராளமாக வரலாம். ஈர்க்கிலின் கூர்முனையை மட்டும் நறுக்கிவிடுங்கள். குன்றிமணி அழகுதான், ஆனால் கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. ரப்பர் கொட்டையும் உள்ளே விஷம். பச்சைக் கொல்லாங்கொட்டையின் (முந்திரிக்கொட்டை) எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அரளிப் பூவை மடக்கிக் கட்டுகிற தோவாளை மாணிக்கமாலையைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் அரளி விஷம், சின்னப் பிள்ளைக்கு ஆகாது. பதிலுக்குக் கேந்தியும் செவ்வந்தியும் வாங்கி இதழ் பிய்க்கவையுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் அந்தக் கிள்ளல் பென்சில் பிடிக்கிற பயிற்சி. பிய்த்ததைத் தரையில் பரப்பினால் அத்தப்பூக் கோலமாயிற்று. ஓணத்தை ஒட்டிய வாரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், பூ விலை கையைக் கடிக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுப்பு மணலை டப்பாவில் அள்ளிவந்து வகுப்பில் வைக்கவும் வேண்டாம்; அதில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. சலித்துக் கழுவிய ஆற்று மணல் போதும்.

பெற்றோர் விஷயம். தினமும் ஒரு பொருள் என்று ஒத்துக்கொண்டால் மறுபடி மயிலை நீங்கள்தான் வெட்டுவீர்கள். வகுப்பில் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்: பிசைகிற நாளில், பூப் பிய்க்கிற நாளில் எதுவும் வராது, தாள் வேலைகள் சேர்ந்து சனிக்கிழமை வரும். ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி போட்டு, பிள்ளை அதைப் பற்றிச் சொன்ன ஒரு வரியை அது சொன்னபடியே எழுதுங்கள். “இது மாமா போற வள்ளம், இது மழ” என்று எழுதியிருந்தால் அந்தக் கிறுக்கலை எந்த அம்மாவும் குப்பையில் போடமாட்டார். “இதுல என்ன இருக்கு?” என்று சண்டைக்கு வருகிற அப்பா ஒருவர் இருப்பார். அவரை ஒரு மாலை வகுப்பில் உட்காரவைத்து, பிள்ளையோடு சேர்ந்து காலண்டர் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள்.