வெடித்த பிரைமரை வெளியேற்ற எந்தக் கைக்கருவி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சுடுதளத்தில் சுட்ட பித்தளைத் தோட்டா உறைகளைச் சேர்த்து வருகிறேன். முறையான உரிமமும் இருக்கிறது. வெடித்த பிரைமரை (உறையின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்) எடுக்க மேசையில் பூட்டும் பெரிய பிரஸ் வாங்க மனமில்லை. கையிலேயே செய்ய எது நல்லது?

பதில்: மாதம் 20, 30 உறைதான் என்றால் கம்பியும் அடிக்கட்டையும் போதும். நடுவில் ஓட்டையுள்ள கட்டையில் உறையை நிறுத்தி, நுனியில் ஊசி பொருத்திய எஃகுக் கம்பியை உறையின் வாய்வழியே இறக்கி, சின்னச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் பிரைமர் கீழே விழும். கெட்டுப்போக அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் கட்டையின் குழி உறையின் அடிப்பாகத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தளர்வாக இருந்தால் உறை சாய்ந்து ஊசி வளையும்.

நூற்றுக்கணக்கில் என்றால் இடுக்கி போல அழுத்தும் கருவியே சரி. கைப்பிடியை அழுத்தினால் ஊசி இறங்கும், பிரைமர் குழாயிலோ டப்பாவிலோ போய் விழும். வாங்கும்போது முதலில் ஊசியைக் கவனியுங்கள்: அதைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா, மாற்று ஊசி கிடைக்கிறதா? ஊசி உடைவது உறுதி, என்றைக்கு என்பதுதான் தெரியாது. அடுத்து, உறையைக் கருவி எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். உறையின் விளிம்பைப் பிடிக்கும் வகையில் ஒவ்வொரு விளிம்பு அளவுக்கும் தனி ஷெல் ஹோல்டர் (உறைப் பிடி) வேண்டும். உறையின் வாய்க்குள் நுழையும் வழிகாட்டி உள்ள வகையில் இரண்டு மூன்று வழிகாட்டிகளே பல அளவுகளுக்கு ஒத்துவரும். கலவையான உறைகள் வைத்திருப்பவருக்கு இரண்டாவதே வசதி. கடைசியாக, விழும் பிரைமர்களை மூடிய டப்பாவில் சேர்க்கும் கருவியையே எடுங்கள். திறந்த தட்டில் விழுந்தால் கரித்தூள் மேசையெல்லாம் பரவும்.

கேள்வி: ஒரே வாரத்தில் 3 ஊசி உடைந்துவிட்டது. மட்டமான ஊசியா?

பதில்: ஊசியைக் குறை சொல்வதற்கு முன் டார்ச் அடித்து உறையின் உள்ளே பாருங்கள். அடியில் நட்ட நடுவே ஒரே துளை தெரிந்தால் அது பாக்ஸர் வகை. நடுவில் சிறு மேடும் அதன் இரு பக்கமும் இரண்டு பொடித் துளைகளும் தெரிந்தால் பெர்டான் வகை. பெர்டான் உறையில் ஊசி அந்த மேட்டில் மோதி உடையும், எவ்வளவு நல்ல எஃகானாலும் தாங்காது. இரண்டு வகைக்கும் 1866-இல் காப்புரிமை எடுக்கப்பட்டது. பாக்ஸர் பிரிட்டனைச் சேர்ந்தவர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸர் வகை, ஐரோப்பாவில் பரவியது பெர்டான் வகை. எஃகு உறைகளும் பழைய ராணுவ உறைகளும் பெரும்பாலும் பெர்டானாகவே இருக்கும்.

பெர்டான் பிரைமரை எடுக்க, வெளியிலிருந்து குத்தி நெம்பும் கொக்கிக் கருவி உண்டு. உறையில் தண்ணீர் நிரப்பி, கழுத்துக்கு இறுக்கமான கம்பியைச் செருகித் தட்டி, நீரழுத்தத்தால் தள்ளும் வழியும் உண்டு. இரண்டும் சள்ளை பிடித்த வேலை. அரிய அளவு உறையாக இல்லாவிட்டால் ஒதுக்கிவிடுவதே மேல்.

இன்னொரு காரணம், சிறிய துளை. பிரைமரின் தீ உறைக்குள் போகும் வழக்கமான தீத்துளை சுமார் 2 மில்லிமீட்டர், ஊசி 1.8. ஆனால் 6 மி.மீ. பிபிசி (6mm PPC) என்ற தோட்டா வகை போன்ற துல்லியச் சுடுதலுக்கான சில உறைகளில் துளை 1.5 மி.மீ. அளவுதான். அதில் சாதாரண ஊசியை அழுத்தினால் ஊசி சிக்கிக்கொள்ளும், இல்லையென்றால் துளை விரிந்து உறை பாழாகும். அவற்றுக்கு 1.45 மி.மீ. ஊசி தனியாக விற்கிறது. எந்த உறையானாலும் இறங்கும் ஊசி இடையில் முட்டி நின்றால் கையை எடுங்கள். உள்ளே கல்லோ, வாய்க்குள் செருகிய சிறிய உறையோ இருக்கும்.

கேள்வி: பிரைமர் வெளியே வந்த பிறகு, ஊசி மேலே ஏறும்போது அதோடு ஒட்டிக்கொண்டு மீண்டும் உறையின் அடியிலுள்ள பிரைமர் குழிக்குள் போய்விடுகிறது.

பதில்: ஊசி நுனியின் விளிம்பில் பிசிறு இருக்கிறது, அது பிரைமர் கிண்ணத்தில் கடித்துக்கொள்கிறது. ஊசியைக் கழற்றி, நுனியை நுண்ணிய உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து விளிம்பை மழுங்கடியுங்கள். கூராக்கிவிடாதீர்கள், கூர்நுனி கிண்ணத்தைத் துளைத்துவிடும். பிறகு கைப்பிடியைக் கடைசிவரை அழுத்துங்கள். பாதியில் விடுவதும் இதே தொல்லையைத் தரும்.

கிண்ணத்தின் நடு மட்டும் கழன்று, வளையம் குழியிலேயே நின்றால் அது வேறு கதை. பிரைமரை எடுக்காமல் உறைகளை நீரில் கழுவி ஈரத்தோடு நாள்கணக்கில் வைத்தால் குழிக்குள் களிம்பேறிப் பிரைமர் இறுகிவிடும்.

கேள்வி: அப்படியானால் கழுவுவதற்கு முன்பே எடுக்க வேண்டுமா?

பதில்: நீரும் தேய்த்துச் சுத்தமாக்கும் பொடி எஃகு ஊசிகளும் போட்டு உருட்டிக் கழுவுபவர் முன்பே எடுப்பது நல்லது. பிரைமர் குழியும் சுத்தமாகும், உறையும் சீக்கிரம் காயும். உலர்ந்த மக்காச்சோளக் கட்டைத் துகளில் உருட்டுபவர் முதலில் எடுத்துவிட்டால் துகள் தீத்துளையில் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டும்.

கேள்வி: ராணுவ உறைகளில் பிரைமர் அசையவே மாட்டேன் என்கிறது.

பதில்: பிரைமர் கழலாமலிருக்க அதைச் சுற்றிப் பித்தளையை அழுத்தி முடக்கியிருப்பார்கள். உறையின் அடியில் வட்டத்துக்குள் சிலுவைக் குறி இருந்தால் அது நேட்டோ தரம், பெரும்பாலும் முடக்கு இருக்கும். இடுக்கிக் கருவியில் 50 உறைக்குள் மணிக்கட்டு வலித்துவிடும். வார்ப்புக் கைப்பிடி விரிசல் விடவும் கூடும். இவற்றைக் கம்பியும் சுத்தியும் கொண்டு எடுங்கள். எடுத்த பிறகு குழியின் விளிம்பில் நிற்கும் முடக்கைச் சீவியோ அழுத்தியோ நீக்க வேண்டும். ஒரு உறைக்கு ஒரே முறை செய்தால் போதும்.

கேள்வி: பிரைமரில் பள்ளம் இருந்தால் வெடித்தாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. துப்பாக்கி அடித்தும் வெடிக்காத தோட்டாவிலும் அதே பள்ளம் இருக்கும். சுட்ட உறையின் வாயிலும் உள்ளேயும் கரி படிந்திருக்கும். உள்ளே பளபளப்பாகவோ, மருந்துத் துகளோடோ இருந்தால் தொடாமல் தனியே வையுங்கள். இந்தக் கருவிகள் வெடித்த பிரைமருக்கு மட்டுமே. உயிருள்ள (இன்னும் வெடிக்காத) பிரைமர் உங்கள் கண்ணுக்கு ஒரு முழம் தள்ளி வெடித்தால் தடுக்க எதுவுமில்லை. எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்பதை நம்பாதீர்கள், காய்ந்தபின் வெடித்தவை உண்டு. உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளரிடம் ஒப்படையுங்கள்.

வெடித்தவற்றைக் கையாளும்போதும் பாதுகாப்புக் கண்ணாடியும் நைட்ரைல் கையுறையும் போடுங்கள். பெரும்பாலான பிரைமர் கரியில் ஈயம் உண்டு. வேலை முடியும்வரை வாயில் எதுவும் வைக்காதீர்கள், மேசையை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகள் புழங்கும் அறையில் இந்த வேலையே வேண்டாம். பழைய பிரைமர் டப்பாவைத் திறந்து கொட்டும்போதுதான் தூசி அதிகம் கிளம்பும். அதை வெளியில் வைத்துச் செய்யுங்கள்.