காற்றைத் திறந்துவிடுங்கள்

கேள்வி: ரிமோட் விமானம் வாங்கறதுக்கு முன்னாடி பழகிக்கலாம்னு நாலஞ்சு மாசத்துக்கு முன்ன கம்ப்யூட்டர்லயே விமானம் ஓட்டிப் பழகற ரியல்ஃப்ளைட் சிமுலேட்டர் வாங்கினேனுங்க. மொத மாசம் தறி நின்னதும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் அதுலயேதான் கெடந்தேன். இப்பச் சலிப்புத் தட்டிப்போச்சு. எந்த விமானத்தை எடுத்தாலும் சும்மா வட்டம் போடறதுதான். புது விமானங்க இருக்கற பேக்கை வாங்கலாங்கறான் பையன். வாங்கலாங்களா, இல்ல வித்துப்போடலாங்களா?
- பல்லடம் வாசகர்

பதில்: முதலில் விற்கும் கதையை முடித்துவிடுவோம். கம்ப்யூட்டர் விளையாட்டுகளை ஆன்லைனில் விற்கும் ஸ்டீம் தளத்தின் கணக்கில் வாங்கியிருந்தால் அது உங்கள் கணக்கோடு ஒட்டிய உரிமம், வேறு ஒருவருக்குக் கைமாற்ற முடியாது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நீங்கள் அந்தக் கட்டத்தை முதல் வாரமே தாண்டியிருப்பீர்கள். தனியாக வாங்கிய கன்ட்ரோலரை மட்டும் வேண்டுமானால் விற்கலாம்.

பேக்கும் இப்போது வேண்டாம். ரியல்ஃப்ளைட்டோடு வரும் விமானங்களே நூறைத் தாண்டும். அதில் எத்தனையை ஒழுங்காக இறக்கியிருக்கிறீர்கள்?

ஒரு சந்தேகம் கேட்கிறேன். காற்று வேகத்தை எவ்வளவில் வைத்திருக்கிறீர்கள்? பெரும்பாலும் பூஜ்ஜியமாக இருக்கும். நானும் அப்படித்தான் இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு தெர்மாகோல் விமானம் ஒன்றை வாங்கி, ஆடி மாதத்தில், அதுவும் உங்கள் பல்லடம் பக்கத்திலேயே ஒரு காட்டில் தூக்கி எறிந்தேன். அது எதிரே போகவில்லை, பின்னாலேயே போனது. தென்னை மட்டையில் மாட்டி மூன்று நாள் தொங்கிக்கொண்டிருந்தது. மரம் ஏறி எடுத்துக்கொடுத்தவருக்குக் கூலி கொடுத்தபோதுதான், கம்ப்யூட்டரில் நான் பழகியது காற்றில்லாத ஊர் ஒன்றை என்று புரிந்தது.

நம் பக்கத்துக் காற்று சாதாரணமானதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கி நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று அடித்துக்கொண்டு வருகிறது. இத்தனை காற்றாலைகள் இங்கே முளைத்ததற்குக் காரணமே அதுதான். சிமுலேட்டரிலும் அதையே வையுங்கள்: மேற்கிலிருந்து மணிக்கு 10 கிலோமீட்டரில் தொடங்கி 25 வரை ஏற்றுங்கள், கூடவே விட்டுவிட்டு அடிக்கும் வீச்சையும் கொஞ்சம் சேருங்கள். சிறிய பயிற்சி விமானம் மணிக்கு 40 கிலோமீட்டரில்தான் போகும். எதிர்க்காற்றில் அது தரையைப் பொறுத்து 15-இல் ஊர்ந்து, திரும்பியதும் 65-இல் பாயும். பழைய வட்டம் கோணலாகிப்போகும். அந்த ஒரே விமானம் உங்களுக்கு மறுபடி புதிதாகிவிடும்.

அடுத்தது, பார்வை. விமானத்துக்குப் பின்னால் ஓடும் கேமரா, காக்பிட் கேமரா இரண்டையும் கொஞ்ச நாள் மூட்டை கட்டுங்கள். களத்தில் நிற்பவனின் கண்ணோடு பாருங்கள். விமானம் தள்ளிப்போனால் தானாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியையும் நிறுத்துங்கள், நிசத்தில் நம் கண்ணுக்கு அது கிடையாது. விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிப்போவதுதான் எல்லோரையும் கவிழ்க்கும். அதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு: எந்த றெக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், சாயும் பந்தலுக்கு அடியில் முட்டுக் கொடுப்பதுபோல. பத்து நாளில் யோசிக்காமலே கை போகும்.

இனி விளையாட்டு. பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் நினைத்த நேரத்தில் இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். இன்ஜினைச் செயலிழக்கவைக்கும் வசதி ரியல்ஃப்ளைட்டிலேயே இருக்கிறது. எங்கே இருந்தாலும் இழுத்துக்கொண்டுவந்து ஓடுபாதையில் போட வேண்டும். பத்துக்கு எத்தனை என்று காலண்டர் தாளில் எழுதி, தோற்றவர் டீ போடட்டும். எங்கள் வீட்டில் இப்போது டீ போடுவது பெரும்பாலும் நான்தான்.

ஓட்டும் கருவியையும் ஒரு முறை பாருங்கள். நிச ரிமோட்டை யூஎஸ்பியில் இணைப்பவர்கள் செய்யும் வழக்கமான தவறு ஒன்று உண்டு. றெக்கை மட்டும் உள்ள விமானத்துக்காக ரிமோட்டில் ஏற்கெனவே மிக்ஸிங், அதாவது இரண்டு ஸ்டிக் அசைவுகளை ஒன்றாகக் கலக்கும் ஏற்பாடு, போட்டு வைத்திருப்பார்கள், சிமுலேட்டரும் தன் பங்குக்கு ஒரு மிக்ஸிங் போடும், விமானம் பேய் பிடித்ததுபோல ஆடும். ரிமோட்டில் சிமுலேட்டருக்கென்று மிக்ஸிங் இல்லாத தனி மாடல் ஒன்று வைத்துக்கொண்டு, அதிலேயே கேலிப்ரேஷன் செய்யுங்கள், அதாவது ஸ்டிக்கின் அசைவை சிமுலேட்டருக்கு அளந்து காட்டுங்கள். டிவியில் இணைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் டிவியின் கேம் மோடைப் போடுங்கள். இல்லாவிட்டால் கை அசைந்து சற்றுக் கழித்துத்தான் படம் அசையும், நீங்கள் உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்குப் பிறகும் புதிதாக ஒன்று வேண்டுமென்றால் காசே செலவில்லாத பிகாசிம் என்ற சிமுலேட்டர் இருக்கிறது. மலைச்சரிவில் ஏறும் காற்றை மட்டும் வைத்து இன்ஜின் இல்லாத கிளைடரை ஓட்டுவதற்கு அது அருமையானது. உச்சி வெயிலில் பருந்து றெக்கையை அசைக்காமல் மேலே மேலே போவதைப் பார்த்திருப்பீர்களே, கிளைடரோடு ஒரு வாரம் இருந்தால் அந்தப் பருந்தைப் பார்க்கும் கண்ணே மாறிப்போகும்.

கேள்வி: ஆன்லைனில் ‘ஒரிஜினல் சாப்ட்வேருடன்’ என்று போட்டிருந்த சிமுலேட்டர் கேபிளை வாங்கினேன். வந்தது பேனாவில் எழுதிய ஒரு சிடி. அது ஓடவும் இல்லை. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.
- திருப்பூர் வாசகி

பதில்: அந்த சிடியை இனிக் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். திருட்டுப் பிரதியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், வைரஸும் கூட வரலாம். கேபிள் ரிமோட்டைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் பாலம் மட்டுமே, அதை வாங்கினால் சிமுலேட்டரின் உரிமம் கிடைத்துவிடாது. ஆனால் உங்களிடம் சொன்னது ஒன்று, வந்தது வேறு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதுபோல இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. விளம்பரப் பக்கம், பில், சிடி மூன்றையும் இன்றே படம் பிடித்துவைத்து, அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடுங்கள். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: மோட் 1, மோட் 2 என்கிறார்கள். எந்த ரிமோட்டை வாங்குவது?
- கோபி வாசகர்

பதில்: ரிமோட்டின் எந்தக் கை ஸ்டிக் எந்த வேலையைச் செய்யும் என்பதுதான் மோட். உங்களுக்குச் சொல்லித்தரப் போகிறவர் எதை ஓட்டுகிறாரோ அதை வாங்குங்கள். யாரும் இல்லையென்றால் மோட் 2, இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது கையில் இருக்கும். பழகிவிட்டு மாற்றுவது பெரும்பாடு.