காருக்கு எக்ஸாஸ்ட் தனியாகச் செய்வதென்றால் எந்த உலோகம், எந்த சைலன்சர்?

கேள்வி கேட்டவரிடம் இருப்பது டர்போ இல்லாத, நான்கு சிலிண்டர், 1.6 லிட்டர் பெட்ரோல் கார். வீடு சென்னையில், கடற்கரைக்கு அருகில். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள பைப்பும் சைலன்சரும் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டன; ஒலி சற்றுக் கனமாக இருக்கலாம், ஆனால் நெடுஞ்சாலைப் பயணத்தில் தலைவலி தரக்கூடாது என்கிறார்.

முதலில் உலோகம். சைலன்சரைத் தின்பது கடற்காற்று மட்டுமன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. காய்கறிக் கடைவரை போய்த் திரும்பும் குறும்பயணங்களில் பைப் முழுவதும் சூடேறுவதில்லை. ஆகவே அந்த நீராவி சைலன்சரின் அடியில் தண்ணீராகத் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கிறது. சாதாரண இரும்பு இதற்குத் தாங்காது. துருப்பிடிக்காத எஃகில் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), 11 சதவீத அளவே குரோமியம் உள்ள 409 ரகம் தாங்கும், ஆனால் உப்புக்காற்றில் மேலே பழுப்பேறும். உங்கள் இடத்துக்கு 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கொண்ட 304 ரகத்தைத்தான் நான் சொல்வேன். டைட்டானியத்தின் எடை ஏறக்குறைய பாதிதான் என்றாலும், தினசரி ஓட்டும் காருக்கு அந்தச் செலவு வீண்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய 202 ரகமும் பார்வைக்கு 304 போலவே இருக்கும். இரண்டிலும் காந்தம் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனை இங்கே உதவாது. கடைக்காரரிடம் சோதனைத் திரவம் இருந்தால் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள். 202 என்றால் அந்த இடம் சிவக்கும்.

304 சூட்டில் இரும்பைவிட அதிகமாக நீளும். மூன்று மீட்டர் பைப் 300 டிகிரி சூடேறினால் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும் என்பதால், ரப்பர் தொங்கல்களையும் நெளியும் பைப்பையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் இறுக்கமாக வெல்டு செய்தால் எங்காவது விரிசல் விடும். வெல்டிங், ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் செய்யும் டிக் (TIG) முறையில் இருக்க வேண்டும். அப்போது பைப்பின் உள்ளேயும் ஆர்கான் வாயு செலுத்துகிறார்களா என்று கேளுங்கள். செலுத்தாவிட்டால் வெல்டின் உட்புறம் கருத்து, சர்க்கரைப் பொருக்கு போல மேடு தட்டி, துரு அங்கிருந்துதான் தொடங்கும். அந்தப் பட்டறை முன்பு செய்த ஒரு துண்டைக் கையில் வாங்கி, வெளிப் பளபளப்பை விட்டுவிட்டு உள்ளே பாருங்கள். வளைவுகளில் பைப் நசுங்காமல் முழு வட்டமாக இருப்பதும் முக்கியம். விட்டம் இரண்டு அங்குலம் போதும்.

இனி சைலன்சர். கண்ணாடி இழை அடைத்த நேர்வழி சைலன்சர் கரகரப்பான உயர் ஒலியை நன்றாக உறிஞ்சும். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகத் தொடாது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பதால், நிமிடத்துக்கு 2,400 சுற்றில் வரும் முதன்மை ஒலி 80 ஹெர்ட்ஸ். நெடுஞ்சாலையில் காதை அடைக்கும் ரீங்காரம் பெரும்பாலும் இதுதான். அதைத் தணிப்பவை ஒலியைத் தமக்குள்ளேயே மோதவிடும் அறைகள் கொண்ட சைலன்சர்கள். ஆகவே நடுவில் சிறிய நேர்வழி சைலன்சர், பின்னால் இடம் கொள்ளும் மட்டும் பெரிய அறை சைலன்சர் என்பதே என் தேர்வு. அறை சைலன்சரின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் வடியச் சிறு துளை இருக்கட்டும். பின்னால் நேர்வழி சைலன்சர் மட்டும் போதும் என்று பட்டறையில் சொல்வார்கள். வாசலில் நின்று கேட்கும்போது இனிமையாகவும் இருக்கும். ஆனால் அந்த ஒலியுடன் விழுப்புரம் வரை அமர்ந்திருக்கப் போவது நீங்கள்.

கன்வெர்ட்டரைக் கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சைலன்சர் இல்லாமல் ஓட்டுவதை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதியும் அனுமதிப்பதில்லை.

பின் சைலன்சரை உடனே வெல்டு செய்துவிடாமல் கிளாம்பில் பொருத்தித் தரச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகச் செல்லும் வேகத்தில் ஓட்டிப் பார்த்துச் சம்மதமானால் மட்டும் வெல்டிங்குக்குச் சொல்லுங்கள்.