கன்னத்தில் சிவப்பு, மார்பெல்லாம் நீலம்: ஒரு குட்டி ஆப்பிரிக்கக் குருவி பற்றிப் பிள்ளைகள் கேட்டவை

இந்த விடுமுறையில் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பறவையைச் சுற்றியே இருந்தன. பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள் கேட்டவை. இரண்டு பெரியவர்களும் கேட்டிருந்தார்கள். ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

"ஒரு படத்தில் வான நீலத்தில் குட்டிக் குருவி பார்த்தேன். கன்னத்தில் மட்டும் சிவப்புப் பொட்டு இருந்தது. அது நிஜப் பறவையா, கம்ப்யூட்டரில் வரைந்ததா?"
மூன்றாம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

நிஜம்தான் கண்ணு. முகம், மார்பு, வால் எல்லாம் நீலம். முதுகும் இறக்கையும் மண் நிறம். நீ பார்த்தது ஆண் பறவை, சிவப்புக் கன்னம் ஆணுக்கு மட்டும்தான் உண்டு. பெண்ணும் நீலம்தான், ஆனால் கொஞ்சம் வெளிறியிருக்கும், கன்னம் வெறுமையாக இருக்கும்.

ஆங்கிலத்தில் இதை 'ரெட்-சீக்டு கோர்டோன் ப்ளூ' என்கிறார்கள். 'கோர்டோன் ப்ளூ' என்பது பிரெஞ்சுச் சொல், நீல நாடா என்று பொருள். பிரான்சில் 1578-இல் மூன்றாம் ஹென்றி மன்னர் தொடங்கிய ஒரு வீரர் குழுவினர் நீல நாடா அணிந்தார்கள். அதிலிருந்து உயர்ந்தது எதுவானாலும் 'நீல நாடா' என்று சொல்லும் வழக்கம் வந்தது. தமிழில் நான் இதைச் செங்கன்ன நீலச்சில்லை என்று சொல்கிறேன். ஏன் சில்லை என்பது கடைசிக் கேள்விக்கு வரும்போது புரியும்.

மேற்கே செனகலில் தொடங்கி கிழக்கே எத்தியோப்பியா வரைக்கும், தெற்கே தான்சானியா, ஜாம்பியா வரைக்கும் இது வாழ்கிறது. காட்டுக்குள் ஒளிந்து வாழும் பறவை இல்லை. முள்மரங்கள் நிற்கும் புல்வெளி, வயல் ஓரம், ஊருக்குள் வீட்டு முற்றம் என்று எங்கும் வரும். எத்தியோப்பியாவின் ஹவாசா ஏரிக்கரையில் நான் முதலில் பார்த்தபோது அது ஓர் உணவுக்கடை வாசலில் தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் டீயை ஆறவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு குட்டி? என்ன சாப்பிடும்?"
இரண்டாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை ஏறக்குறைய 13 சென்டிமீட்டர். எடை 10 கிராம் போல. ஒரு பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம் எடை என்பதால், நாணயத்தைக் கையில் வைத்துப் பார்த்தால் உனக்கே தெரியும். நம் சிட்டுக்குருவியின் எடையில் பாதிகூட இல்லை.

சாப்பாடு புல் விதைகள்தான். கரையான் போன்ற சிறு பூச்சிகளையும் பிடிக்கும், குஞ்சுகளை வளர்க்கும் காலத்தில் அதிகமாகவே பிடிக்கும்.

"இதன் அறிவியல் பெயரில் 'பெங்காலஸ்' என்று இருக்கிறதே. அப்படியென்றால் வங்காளத்திலும் இருக்கிறதா?"
எட்டாம் வகுப்பு மாணவன், சேலம்

நல்ல கண் உனக்கு. வங்காளத்தில் இந்தப் பறவை இல்லை. யுரேஜிந்தஸ் பெங்காலஸ் என்ற இதன் அறிவியல் பெயர் 260 வருடமாகத் திருத்தப்படாத ஒரு தவறு.

நடந்தது இதுதான். 1760-இல் பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் இந்தப் பறவையைப் பற்றி எழுதினார். அவர் கையில் இருந்தது செத்துப் பதப்படுத்திய பறவை. அது வங்காளத்திலிருந்து வந்தது என்று நம்பி, 'பெங்காலி' என்று பெயரிட்டார். 1766-இல் ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் அதை வைத்தே அறிவியல் பெயர் சூட்டினார். அந்தக் காலத்தில் கப்பல்கள் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நின்று இந்தியா போய்த் திரும்பும். எந்தப் பெட்டியில் எந்த ஊர்ப் பறவை என்பது குழம்பிப்போவது சாதாரணம்.

சரி, பிறகாவது மாற்றியிருக்கலாமே என்று கேட்பாய். மாற்ற மாட்டார்கள். முறைப்படி முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விலங்குப் பெயரிடலின் விதி. பெயரின் பொருள் தவறு என்பதற்காக மாற்ற ஆரம்பித்தால், பழைய நூல்களில் இருப்பதையும் புதிய நூல்களில் இருப்பதையும் இணைக்க முடியாமல் போய்விடும். எனக்கு இந்த விதி பிடிக்கும். பெயரே ஒரு சரித்திரத் தடயமாக நின்றுவிடுகிறது.

"நீலச் சாயம் அதன் உடம்பில் எங்கிருந்து வருகிறது? நீல நிறப் பழம் சாப்பிடுமா?"
ஐந்தாம் வகுப்பு மாணவி, மதுரை

சாயமே இல்லை. இறகில் நீலப் பொடி எதுவும் கிடையாது. இறகுக்குள்ளே பஞ்சு மாதிரி மிக மிக நுண்ணிய துளைகள் இருக்கின்றன. வெயில் அதில் பட்டதும் மற்ற நிறங்களை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது. அதனால் நம் கண்ணுக்கு நீலம் தெரிகிறது. இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் போய்விடும்.

வீட்டில் புத்தகத்துக்குள் மயிலிறகு வைத்திருக்கிறாயா? அதை எடுத்து ஜன்னல் வெளிச்சம் பின்னால் இருக்கும்படி தூக்கிப் பிடி. நீலமும் பச்சையும் மறைந்து பழுப்பாகத் தெரியும். மயிலிலும் சாயம் இல்லை, இறகின் அமைப்புதான் நிறம் காட்டுகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. மயிலிறகைச் சாய்த்தால் நிறம் மாறி மாறி மின்னும். நம் நீலக் குருவி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே நீலம்.

"ஆண் குருவிதான் பாடும், ஆடும் என்று என் தம்பி சொல்கிறான். பெண் குருவி சும்மா உட்கார்ந்திருக்குமா?"
ஆறாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

தம்பியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள், சேர்ந்து படியுங்கள்.

நீலச்சில்லைகளில் பெண்ணும் பாடும், பெண்ணும் ஆடும். ஆட்டம் இப்படி இருக்கும்: ஒரு புல் துண்டையோ நாரையோ அலகில் கவ்விக்கொள்ளும். கிளையில் நிமிர்ந்து நிற்கும். அப்புறம் மேலும் கீழுமாகக் குதித்துக் குதித்து, நடுநடுவே பாடும். வாயில் கவ்வியிருக்கும் புல் கூடு கட்டுவதற்கானது. 'வா, சேர்ந்து கட்டலாம்' என்று கேட்பது போலத்தான் எனக்குத் தோன்றும்.

நீங்கள் வெறும் கண்ணால் பார்த்தால் குதிப்பது மட்டும்தான் தெரியும். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாவோ ஓட்டாவும் மசாயோ சோமாவும், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் பறவையியல் நிறுவனத்தின் மன்ஃப்ரெட் கார் என்பவரும் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இதன் நெருங்கிய உறவான நீலத்தலைச் சில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில் வாழ்வது அது. நொடிக்கு 300 படம் எடுக்கும் கேமராவில் பதிவு செய்தார்கள். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படம்தான் இருக்கும். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு குதிப்புக்குள்ளும் அந்தக் குருவி கால்களால் கிளையைப் பல தடவை தட்டுவது தெரிந்தது. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும் தட்டு அது. ஆணும் தட்டியது, பெண்ணும் தட்டியது. 2015-இல் இந்த முடிவு வெளியானது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஜோடி அதே கிளையில் பக்கத்தில் நிற்கும்போது தட்டுகள் கூடின. ஒரே கிளையில் நின்றால் தட்டும் அதிர்வு மற்றதன் காலுக்குப் போகும் அல்லவா? கண்ணுக்கு நடனம், காதுக்குப் பாட்டு, காலுக்குத் தாளம் என்று மூன்று வழியிலும் செய்தி போகலாம். 2018-இல் அதே குழு இன்னொன்றும் கண்டுபிடித்தது. வேறு பறவைகள் வேடிக்கை பார்க்கும்போது ஜோடி ஒன்றுக்கொன்று இன்னும் அதிகமாக ஆடிக் காட்டியதாம்.

பாடும் பறவை என்றால் ஆண்தான் என்ற எண்ணம் தம்பிக்கு மட்டும் இல்லை, பறவை அறிஞர்களுக்கே வெகுகாலம் இருந்தது.

"கூடு எப்படிக் கட்டும்? பாம்பு வந்தால் என்ன செய்யும்?"
நான்காம் வகுப்பு மாணவன், கோயம்புத்தூர்

காய்ந்த புல்லால் உருண்டையாக, மேலே மூடி, பக்கவாட்டில் வாசல் வைத்துக் கட்டும். உள்ளே இறகு போட்டு மெத்தையாக்கும். முட்டை வெள்ளை, பெரும்பாலும் நான்கைந்து. அம்மா அப்பா இரண்டும் மாறி மாறி அடைகாக்கும்.

காவலுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது, குளவி! தெற்கு ஆப்பிரிக்காவில் வாழும் நீலச்சில்லைக்கு, அதாவது இதன் இன்னொரு உறவுக்கு, குளவிக்கூடு இருக்கும் முள்மரமாகப் பார்த்துக் கூடு வைக்கும் பழக்கம் உண்டு. குளவிகள் இந்தக் குருவிக்குப் பழகிவிடுகின்றன. மரத்தைக் குலுக்கிக்கொண்டு வருகிற பெரிய விலங்கைத்தான் கொட்டும். முள் ஒரு வேலி, குளவி ஒரு வேலி. அப்படியும் எல்லாக் கூடும் தப்புவதில்லை. பாம்பு சில கூடுகளைக் காலி செய்துவிடும்.

"மூடிய கூட்டுக்குள் இருட்டாக இருக்குமே, அம்மாவுக்குக் குஞ்சின் வாய் எப்படித் தெரியும்?"
ஏழாம் வகுப்பு மாணவி, புதுச்சேரி

இந்தக் கேள்வியைப் படித்துவிட்டு நான் எழுந்து நின்றுவிட்டேன், அவ்வளவு சரியான கேள்வி.

இந்தக் குடும்பத்துக் குஞ்சுகள் வாயைத் திறந்தால் உள்ளே கோலம் போட்ட மாதிரி கரும்புள்ளிகள் இருக்கும். வாயோரத்தில் வெளிர் நிற மொட்டுகள் இருக்கும். இருட்டில் வாய் இருக்கும் இடம் தெரிய இவை உதவும் என்று கருதப்படுகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கோலம். மற்றக் குஞ்சுகள் மாதிரி கழுத்தை மேலே நீட்டிக் கேட்பதும் இல்லை. தலையைத் தழைத்து, கழுத்தைத் திருப்பி, வாயை மேல்நோக்கிக் காட்டிக் கேட்கும்.

இந்தக் கோலத்தைத் திருடும் பறவையும் ஆப்பிரிக்காவில் உண்டு. ஊசிவால் விடோ என்று ஒன்று இருக்கிறது. குயில் மாதிரி இதுவும் கூடு கட்டாது. சாதாரண மெழுகலகுக் குருவி என்கிற சில்லைக் குடும்பத்துப் பறவையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் குஞ்சின் வாயிலும் அந்த வீட்டுக் குஞ்சின் கோலமே இருக்கும்! கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜாம்பியாவில் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், விடோ குஞ்சுகள் கோலத்தை மட்டுமல்லாமல் கத்தும் குரலையும், தலையைத் திருப்பும் பாணியையும்கூட ஒத்திருப்பதைக் காட்டினார்கள். குயில் குஞ்சுகளில் சில மற்ற முட்டைகளைத் தள்ளிவிடும். விடோ குஞ்சு அப்படிச் செய்யாது, வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்தே வளரும்.

"மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது. இந்தப் பறவை ஒரு ஜோடி வாங்கிக் கொடுக்கலாமா?"
ஒரு தந்தை, சென்னை

வேண்டாம் ஐயா. மகளின் ஆசை எனக்குப் புரிகிறது, இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கடைகளில் 'ஃபிஞ்ச்' என்று கூண்டில் விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் வரிக்குருவி. அது பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தது. நீலச்சில்லை அப்படி எளிதில் பழகாது. குளிர் தாங்காது. குஞ்சு பொரித்தால் உயிருள்ள பூச்சி வேண்டும், விதையை மட்டும் கொடுத்தால் குஞ்சுகள் பிழைப்பது கடினம். இந்த வகைக் குருவிகள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பெருந்திரளாகப் பிடிக்கப்பட்டு ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. பறவைக் காய்ச்சல் பயத்தில் 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவை இறக்குமதியை நிறுத்தியது. 2007-இல் அதை நிரந்தரமாக்கியது.

சாலையோரத்தில் யாராவது பச்சையோ சிவப்போ சாயம் பூசிய குட்டிக் குருவிகளை விற்றால், அவை நம் ஊர்ச் சில்லைகளாக இருக்கக்கூடும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். பாவம் என்று இரக்கப்பட்டு வாங்கிப் பறக்கவிடுவதும் சரியில்லை, விற்றவர் மறுநாள் இன்னும் பத்தைப் பிடித்து வருவார்.

அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது போதும், எடை குறைவாகப் பாருங்கள்.

"ஆப்பிரிக்கப் பறவையைப் படத்தில்தான் காட்ட முடிகிறது. எங்கள் ஊரில் பிள்ளைகள் நேரில் பார்க்க ஏதாவது உறவுப் பறவை இருக்கிறதா?"
தொடக்கப்பள்ளி ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

இருக்கிறது அம்மா, உங்கள் பள்ளியைச் சுற்றியே இருக்கும்.

நீலச்சில்லையின் குடும்பத்தில் ஏறக்குறைய 140 இனங்கள் உண்டு. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா மூன்றிலும் பரவியிருக்கின்றன. நம் ஊரில் தினைக்குருவி, நெல்லுக்குருவி என்று சொல்லப்படும் சில்லைகள் இதே குடும்பம்தான். முள் மரத்திலோ வேலிப் புதரிலோ புல்லை உருட்டி வைத்த மாதிரி கூடு தெரிந்தால் அது பெரும்பாலும் சில்லையினுடையது. வெண்தொண்டைச் சில்லையை வறண்ட தரிசில் பார்க்கலாம். புள்ளிச் சில்லையின் வயிற்றில் மீன் செதில் போட்டாற்போல் இருக்கும், அதைத் தோட்டங்களில்கூடக் காணலாம். கருந்தலைச் சில்லைக்கு உங்கள் டெல்டா வயல்கள் மிகவும் பிடித்த இடம்.

பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது சிவப்புச் சில்லையை. குளத்தோரக் கோரையிலும் நாணலிலும் கூட்டமாக இருக்கும். மழைக்காலத்தில் ஆண் செக்கச்செவேலென்று மாறி, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்டுக்கொள்ளும். மற்ற மாதங்களில் மங்கிப் பெண் மாதிரியே ஆகிவிடும். அப்போதும் இடுப்புப் பக்கம் சிவப்பும் அலகின் சிவப்பும் காட்டிக்கொடுக்கும். இதன் அறிவியல் பெயர் அமண்டவா, அகமதாபாத் என்ற ஊர்ப் பெயர் திரிந்து வந்தது. அங்கிருந்து கூண்டுகளில் ஐரோப்பாவுக்கு அனுப்பிய காலத்து நினைவு. சேலத்து மாணவனுக்குச் சொன்ன 'பெங்காலஸ்' கதையோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

காலை எட்டு மணிக்குள் போனால் நல்லது. கூட்டை நெருங்க வேண்டாம், இருபது அடி தள்ளியே நிற்கட்டும். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் மட்டும் எழுதி வரச் சொல்லுங்கள்: எத்தனை பறவை, எந்தப் புல்லில் உட்கார்ந்திருந்தது, அலகில் என்ன இருந்தது. யாராவது ஒரு பிள்ளை 'நீளமான புல்லோடு பறந்தது' என்று எழுதியிருந்தால், அது போன திசையைக் குறித்துக்கொண்டு அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு அங்கே போங்கள்.