புளியில் ஊறவைத்த குத்துவிளக்கில் சிவப்புத் திட்டு

கடை பாலிஷுக்குப் பதிலாகப் பித்தளைக் குத்துவிளக்கை இரவு முழுக்கப் புளியில் ஊறவைத்ததில் சிவப்புத் திட்டு வந்துவிட்டது, விளக்கு கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். விளக்கு கெட்டுவிடவில்லை. கடை பாலிஷை விட்டுப் புளிக்கு மாறியதும் நல்ல முடிவுதான். இரவு முழுக்க ஊறவைத்ததுதான் அதிகம். பித்தளையில் செம்பும் துத்தநாகமும் உண்டு. புளியின் அமிலம் வெகுநேரம் பட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து, செம்பு மேலே தெரியும். நீங்கள் சொல்லும் சிவப்பு பெரும்பாலும் அதுதான்.

தேய்ப்பதற்கு முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை பூசிய இரும்பு. தேய்த்தால் பூச்சு போய்விடும், விட்டுவிடுங்கள். ஒட்டாவிட்டால், திருநீற்றை ஈரத்துணியில் தொட்டுத் திட்டின் மேல் தேயுங்கள். மெல்லிய திட்டு என்றால் மறையும். ஆழமாக அரித்திருந்தால் கொஞ்சம் நிற்கும்.

அடுத்த முறை முதலில் வெந்நீரும் சீயக்காயும் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிசுக்கின் மேல் புளி வேலை செய்யாது. அப்புறம் புளியும் உப்பும், ஐந்து நிமிடம் போதும். அலசியதும் திரிக்குழி வரை துடைத்துவிடுங்கள்; ரங்கூன் மழைக்காலத்தில் ஈரம் நின்றால் சீக்கிரம் கறுத்துவிடும். எங்கள் வீட்டில் துடைத்த விளக்கைச் சூடு ஆறாத அடுப்புப் பக்கம் வைப்போம்.

புளி, எலுமிச்சை, வினிகர் எதையும் ப்ளீச்சோடு மட்டும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு வரும், அது நச்சு.