வேகம் வேண்டும், சூடு வேண்டாம் என்றால் வழி உண்டா?

"கிகாஹெர்ட்ஸ் அதிகமுள்ள மடிக்கணினி வாங்கினேன். அடுப்பைப் போலக் கொதிக்கிறது. வேகமும் குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெருமளவு கிடைக்கும். கடைசித் துளி வேகத்தை மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கணினியின் மூளைதான் செயலி; அது நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதைச் சொல்வதே கிகாஹெர்ட்ஸ் எண். செயலிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு சுவிட்ச். அது மாறும் ஒவ்வொரு முறையும் துளி மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அதற்காகச் செயலி இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் வெப்பமாகத்தான் வெளியே வரும். நொடிக்கு எத்தனை முறை மாறுகிறதோ அந்த அளவுக்கு மின்திறன் கூடும்; மின்னழுத்தம் ஏறினாலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். சுவிட்ச் இன்னும் விரைந்து மாற வேண்டுமென்றால் மின்னழுத்தத்தையும் ஏற்றியாக வேண்டும். சிக்கலே இதுதான். வேகத்தை 20 சதவீதம் கூட்ட மின்னழுத்தத்தையும் 20 சதவீதம் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1.2 × 1.2 × 1.2 = 1.728. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, சூடு ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடுகிறது! இரண்டையும் 10 சதவீதம் குறைத்தால் மின்திறன் 27 சதவீதம் இறங்கும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த நாளிலிருந்து கிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்து நான் கணினி வாங்குவதில்லை.

பெரிய நிறுவனங்களே இந்தச் சுவரில் மோதியிருக்கின்றன. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால் சதுர மில்லிமீட்டருக்கான வெப்பம் ஏறாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974-இல் காட்டினார்கள். சுமார் 30 ஆண்டுகள் சிப் தொழில் அதை நம்பி ஓடியது. பிறகு டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறிதாகி, அணைந்திருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்கியது. மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க முடியவில்லை. 2004-இல் வந்த இன்டெலின் 'பிரெஸ்காட்' பென்டியம் 4 செயலி, 31 படிகள் கொண்ட நீண்ட பைப்லைனோடு (ஒவ்வொரு கட்டளையையும் படிப்படியாக முடிக்கும் வரிசை) வேகத்தைத் துரத்தி, 100 வாட்டைத் தாண்டியது. அதே ஆண்டு 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. அதன் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். 2006-இல் வந்த இன்டெலின் கோர் 2 டுவோ இ6600 செயலி வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட் வகை. 3.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியமை அது பெரும்பாலான வேலைகளில் முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதே அதன் பலம்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் மணிக்கணக்கில் காணொளிகளைச் சுருக்குகிறவன். சித்திரை வெயிலில் என் மடிக்கணினி முதல் சில நிமிடங்கள் பறக்கும். பிறகு சிப்பின் வெப்பம் 100 டிகிரியை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். நான் காசு கொடுத்து வாங்கிய உச்ச வேகம் அந்தச் சில நிமிடங்களோடு சரி. விண்டோஸின் மின்சார அமைப்புகளில் செயலியின் அதிகபட்ச நிலையை 100-இலிருந்து 99 சதவீதமாக்கினேன். டர்போ, அதாவது செயலி தன் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடும் ஏற்பாடு, நின்றுவிட்டது; விசிறியின் இரைச்சல் அடங்கியது. நீண்ட வேலைகள் சற்றுத் தாமதமாக முடிகின்றன. எனக்கு அது பொருட்டே இல்லை.

மேசைக் கணினியாக இருந்தால் மின்கட்டணத்தையும் பாருங்கள். முழுச் சுமையில் 60 வாட் கூடுதலாக இழுக்கும் செயலி, நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல் தின்னும். அந்த வெப்பத்தை அறையிலிருந்து அகற்ற ஏசி இழுப்பது தனி.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, காற்றுத் துளைகளில் அடைந்த தூசியைத் துடைப்பதும் மெத்தைமேல் வைத்து இயக்குவதை நிறுத்துவதும்தான். அதன்பின்னும் கொதித்தால் அந்த 99 சதவீத அமைப்பை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அதே இடத்தில் மீண்டும் 100 ஆக்கிக்கொள்ளலாம்.