குண்டை நோக்கித் தனியாக நடப்பவர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் கம்மவான்பேட்டைக்குப் பக்கம். என் மாமனாரும் கணவரும் பட்டாளத்தில் இருந்தவர்கள். இப்போது மகன் தரைப்படையின் பொறியாளர் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து, வெடிகுண்டு செயலிழப்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். எல்லையில் நிற்கிறான் என்றால்கூட எனக்கு இவ்வளவு கலக்கம் இராது. பயம் என்பதே இல்லாதவர்கள்தாம் அந்த வேலைக்குப் போவார்களா, ஐயா?
(கணியம்பாடி பக்கத்திலிருந்து ஒரு தாயார்)

பதில்: வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் என்று பெயரெடுத்த ஊரின் பக்கத்திலிருந்து கேள்வி வருவதால், பூசி மெழுகாமல்தான் பதில் சொல்ல வேண்டும். ஆபத்தில்லாத வேலை என்று நான் எழுதினால் தாங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் பயப்படுபவருக்கு அந்தப் பிரிவில் இடமுண்டு, அம்மா, அவசரக்காரருக்குத்தான் இடமில்லை.

சந்தேகத்துக்குரிய பொருள் ஒன்று கண்ணில் பட்டதும் நடக்கும் முதல் வேலை, சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்தி, வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருப்பது. அதன் பிறகு, இயன்றவரை மனிதனுக்குப் பதிலாக இயந்திரத்தை அனுப்பப் பார்ப்பார்கள். பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் புணே ஆய்வகம் உருவாக்கிய ‘தக்‌ஷ்’ என்னும் ரோபோவைச் சுமார் 500 மீட்டர் தள்ளியிருந்தே இயக்கலாம். அது படியேறிச் சென்று, எக்ஸ்ரே வழியாகப் பெட்டிக்குள் இருப்பதைக் காட்டிவிடும். அதுவும் கைகொடுக்காத இடத்தில்தான் ஒரே ஓர் அதிகாரி, 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள காப்புடையை அணிந்துகொண்டு, துணையின்றி நடந்து செல்கிறார். தவறு நேர்ந்தால் ஓர் உயிரோடு போகட்டும் என்பதே அந்தத் தனிமைக்குக் காரணம். விரல்கள் நுணுக்கமாக வேலை செய்ய வேண்டியிருப்பதால், உடம்பெல்லாம் மூடியிருந்தாலும் கைகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். காப்புடை சிதறி வரும் துண்டுகளைத் தாங்குமே தவிர, கைக்கெட்டும் தூரத்தில் பெரிய குண்டு வெடித்தால் அதை நம்ப முடியாது. அணிபவருக்கும் இது தெரியும்.

இந்த விதிகள் எல்லாம் உயிரைக் கொடுத்துக் கற்றவை. 1940-இல் லண்டன் நகரின்மேல் விழுந்து வெடிக்காமல் கிடந்த ஜெர்மானியக் குண்டுகள் சிலவற்றுக்குள் 72 மணி நேரம் வரை ஓடக்கூடிய கடிகாரம் இருந்தது. அதைக் கழற்றப் பிரிட்டிஷ் அதிகாரிகள் கற்றுக்கொண்டதும், கழற்ற வருபவரையே கொல்வதற்கென்று, அசைத்தால் வெடிக்கும் இன்னொரு விசையை ஜெர்மானியர் சேர்த்தார்கள். அப்போது அந்தப் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். குழிக்குள் இறங்கியவர், “இப்போது இந்தத் திருகாணியை இடப்பக்கம் அரைச் சுற்றுத் திருப்புகிறேன்” என்பதுபோல் ஒவ்வோர் அசைவையும் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, தொலைவில் இருப்பவர் எழுதிக்கொள்வார். குரல் நின்றுபோனால், அடுத்து வருபவர் எந்த அசைவைச் செய்யக்கூடாது என்று அந்தத் தாள் சொல்லும். பயமில்லாதவருக்கு அப்படியொரு தாள் தோன்றியிருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: சிவப்புக் கம்பியை வெட்டுவதா, நீலக் கம்பியை வெட்டுவதா என்று கடைசி நொடிவரை தவிக்கிறார்களே, அது உண்மையில் நடப்பதா?
(காட்பாடி வாசகர்)

பதில்: திரையரங்கில் நடக்கும். குண்டு செய்கிறவன் நிற ஒழுங்கு பார்த்துக் கம்பி வாங்குவதில்லை; எடுக்க வருபவருக்கு வசதியாக எண் காட்டும் கடிகாரத்தை வெளியே பொருத்துவதும் இல்லை. கம்பியை வெட்டுவது கூடுமானவரை தவிர்க்கப்படுகிற வேலை. ஒரு குழாயிலிருந்து தண்ணீரை மிகுந்த வேகத்தில் பீய்ச்சி, மின்சாரம் பாய்வதற்குள் பேட்டரியையும், வெடிமருந்தைத் தூண்டிவிடும் டெட்டனேட்டரையும் பிய்த்தெறிந்துவிடும் முறையே இன்று பெரிதும் கையாளப்படுகிறது.

கேள்வி: இத்துறையில் நம் பக்கத்துக்காரர் யாரேனும் பெயர் பெற்றிருக்கிறார்களா?
(வாலாஜாபேட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: வட ஆர்க்காட்டுக்கு அடுத்த காஞ்சிபுரம் வட்டாரத்தில், கீழொட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியனை முதலில் சொல்ல வேண்டும். 1780-இல் தோன்றி, படையெங்கும் ‘தம்பிகள்’ என்றே அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்தவர் அவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், மிஞ்ஞானோ என்னும் இடத்தருகே கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு வெடி மிதிபட்டது. அது வெடிப்பதற்கு இடைப்பட்ட சில நொடிகளில் அதன்மேல் பாய்ந்து விழுந்து, தம் உடலைக் கொடுத்து உடனிருந்தவர்களைக் காத்தார். எதிரி நேரில் நின்றிராத இடத்தில் காட்டும் வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ், அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

அதே மதராஸ் சாப்பர்ஸிலிருந்து தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்ற லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சன், 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தில், கொல்லப்பட்ட தீவிரவாதி ஒருவனின் உடலோடு இருந்த கையெறி குண்டு வெடித்து உயிரிழந்தார். அவருக்குச் சௌர்ய சக்ரா என்னும் வீர விருது வழங்கப்பட்டது.

என் பெரியப்பாவும் அந்தப் பிரிவில் இருந்தவர்தாம். கண்ணிவெடியைத் தேடும் விதத்தை, ஒருமுறை எங்கள் மல்லாட்டைக் கொல்லையில் குப்புறப் படுத்து எனக்குக் காட்டினார். கம்பியை நேர்க்குத்தாக இறக்காமல், ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், விரற்கடை விரற்கடையாக மண்ணுக்குள் செலுத்தினார். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்தம் விழும். சாய்த்தால் விலாவைத் தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரு பாய் அகலம் நிலத்தை அவர் முடிப்பதற்குள், களை பறிக்க வந்தவர்கள் இரண்டு பாத்தி தாண்டிவிட்டார்கள். சுட்ட கல்லைத் தொட்டதுபோல் நான் எழுந்து ஓடியதற்கு அவரிடம் திட்டும் வாங்கினேன்.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பெண்கள் இப்பணிக்குச் செல்ல முடியுமா? வழி என்ன?
(ஆரணி மாணவி)

பதில்: முடியும். ஆனால் நேரடியாக வெடிகுண்டு செயலிழப்பு அதிகாரியாக யாரையும் எடுப்பதில்லை. முதலில் படை அதிகாரி, பிறகுதான் இந்தச் சிறப்புப் பயிற்சி. பொறியியல் பட்டதாரிகளுக்கான குறுகிய காலப் பணித் திட்டத்தில் 20 முதல் 27 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம். அதற்கு எழுத்துத் தேர்வு இல்லை. மதிப்பெண் அடிப்படையில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பார்கள். தேறியவர்களுக்கு முதலில் படை அதிகாரிக்கான பயிற்சி. பொறியாளர் பிரிவு கிடைத்தால், அதன் பிறகு புணே ராணுவப் பொறியியல் கல்லூரியில் படிப்பு. நேர்முகத் தேர்வுக்குப் பெங்களூரிலிருந்து அழைப்பு வந்தால் காட்பாடியில் ரயில் ஏறிவிடலாம். போபாலிலிருந்து வந்தால், வழிக்கு அம்மாவிடம் கூடுதலாகப் புளிசாதம் கட்டித் தரச் சொல்லுங்கள்.